நுழைவுத் தேர்வுக்குப் போன அப்பா

பவானிக்கு வெளியே, ஆற்றோரத்து வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் ஓர் ஓட்டு வீடு. அங்கே தயாபரர் என்கிற துறவி இருந்தார். இளம்வயதிலேயே வீட்டை விட்டு வந்தவர். பிரசங்கம் செய்ய மாட்டார், திருநீறும் கொடுக்க மாட்டார். தேடி வருகிறவர்கள் அவரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

அப்படி வந்து சேர்ந்தவர்தான் தனபாலன். மின்வாரிய அலுவலகத்தில் வேலை. குருவைவிடச் சீடருக்கு நான்கைந்து வயது கூடுதல். அதை இருவருமே பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஞாயிறு காலையில் தனபாலனின் வண்டிச் சத்தம் கேட்டால் தயாபரர் இன்னொரு பாயை விரித்து வைப்பார்.

அந்த வருஷம் தை மாதத்துக்குப் பிறகு ஆள் வரவில்லை. பங்குனிக் கடைசியில் ஒருநாள் வந்தார். முகம் வற்றியிருந்தது.

"சாமி, என் பொண்ணு எங்கிட்டப் பேசறதில்லைங்க."

தயாபரர் ஒரு பையில் ராகியைக் கொட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"சண்டையா?"

"அதெல்லாம் இல்லைங்க. நீட்டுக்குப் படிக்கிறா. போன வருசம் எழுதிக் கெடைக்கல. இது ரெண்டாவது தடவை. விடிகாலைல நான்தான் எழுப்பி விடறேன். கோச்சிங் சென்டருக்குக் கொண்டுபோய் விட்டு, கூட்டிக்கிட்டு வரேன். மாதிரித் தேர்வு எழுதினா நான்தான் திருத்தறேன். ஆபீசுக்கு லீவு போட்டு உக்காந்திருக்கேன். அவ ‘ம்’முங்கறா. அவ்வளவுதானுங்க. ஒரு நாளைக்கு நாலு ‘ம்’."

"நீங்க என்ன கேப்பீங்க?"

"எத்தனை சரி, எத்தனை தப்பு, எந்தப் பாடம் பாக்கி. வேற என்னங்க கேக்கறது?"

"அதுக்குப் பதில் சொல்றாளா?"

"அது சொல்லிருவா."

"அப்பறம் என்ன? கேட்டதுக்குப் பேசறாளே."

தனபாலனுக்குச் சுருக்கென்றது.

தயாபரர் பையின் வாயைக் கட்டினார். "அரவை மில்லுக்குப் போகணும். கூட வாங்க."

பையின் காதுகளை ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தார்கள். தயாபரர் வாயைத் திறக்கவில்லை. மில்லில் கூட்டம் இருந்தது. மாவுத் தூசு பறக்கிற இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தனபாலன் இரண்டு தரம் தொண்டையைச் செருமிப் பார்த்தார். குரு மாவு விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் வழியில், வாய்க்கால் மதகைத் தாண்டும்போது, தனபாலன் தானாகப் பேச ஆரம்பித்தார்.

"சின்னப் புள்ளையா இருக்கறப்ப வண்டில டேங்க் மேல உக்காந்துக்குவா சாமி. கடைத்தெரு முச்சூடும் போர்டு படிச்சுக்கிட்டே வருவா. ஒரு போர்டு விடமாட்டா. ‘அப்பா, பாத்திரக் கடைக்குப் பாத்திரக் கடைன்னு ஏன் எழுதறாங்க, பாத்தாலே தெரியுதே’ன்னு கேப்பா. வாய் ஓயாது. தூங்கறப்பக்கூட ஏதாச்சும் உளறுவா. இப்ப ரூம் கதவு சாத்தியே கெடக்குது. உள்ள லைட்டு எரியறது கதவுக்கு அடீல ஒரு கோடாத் தெரியும். அந்தக் கோட்டப் பாத்துக்கிட்டே நான் ஹால்ல உக்காந்திருப்பேன். அவ எந்திரிச்சு நடந்தா நெழல் தாண்டும். ‘சரி, நடக்கறா’ன்னு நெனச்சுக்குவேன். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு எம் பொண்ண எம் மனசு தேடுதுங்க சாமி."

அதற்குள் வீடு வந்துவிட்டது. மாவுப் பையை வாசலில் வைத்தார்கள்.

தனபாலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூச்சத்தோடு சிரித்தார். "நான் பாட்டுக்கு என்னென்னமோ பேசிட்டனுங்க. என் சம்சாரத்துக்கிட்டக்கூட இதச் சொன்னதில்ல. நீங்க ஒண்ணுமே கேக்கலியே?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?" என்றார் தயாபரர். மாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

*

சேலத்தில் தேர்வு மையம். சித்திரை வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்தது.

வாசலில் பெண் பிள்ளைகளைத் தனி வரிசையில் நிறுத்தினார்கள். தோடு கூடாது, கிளிப் கூடாது, கையில் கயிறு கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நறுமுகை ஒவ்வொன்றாகக் கழற்றி அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். இரண்டு தோடு, ஒரு கிளிப், மாரியம்மன் கோயில் கயிறு. கயிற்றின் முடிச்சு அவிழவில்லை. தனபாலன் குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தார். அவள் மணிக்கட்டில் வெளிறிய கோடு ஒன்று தெரிந்தது.

"பாத்து எழுது, அவசரப்படாத, தெரியாததை விட்டுரு" என்று சுற்றி நின்ற அப்பாக்களும் அம்மாக்களும் கடைசி நிமிஷத்து அறிவுரைகளை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தனபாலனுக்கும் நாக்கு நுனியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டார். "போய்ட்டு வா அம்முணி" என்று மட்டும் சொன்னார்.

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தவள்போல நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

எதிரே ஒரு புங்கமரம். நிழல் கொஞ்சம், பெற்றோர் நிறைய. அவர் நிழலுக்குப் போகவில்லை. மூடிய கையோடு மதில் ஓரம் நின்றார். தோட்டைச் சட்டைப்பையில் போட்டுவிடலாம். ஏனோ போடத் தோன்றவில்லை. வெகுநாளைக்கு அப்புறம் அவள் தானாக அவர் கையில் கொடுத்தவை அவை.

சாயங்காலம் வாசல் திறந்தது. பிள்ளைகள் வெளியே வர, "எப்படி? எத்தனை போட்ட?" என்று ஒவ்வொருவரையும் குரல்கள் மொய்த்தன. நறுமுகை தோளை ஒடுக்கிக்கொண்டு, தலை குனிந்துகொண்டு வந்தாள். அடிக்குக் காத்திருக்கிற பிள்ளை வருவதைப் போல வந்தாள். என் மகள் என்னிடம் வருகிற விதமா இது என்று தனபாலன் நினைத்தார்.

தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குடித்தாள். தோட்டைக் கொடுத்தார். மாட்டிக்கொண்டாள். இருவரும் பேருந்து நிலையம்வரை நடந்தார்கள். ஒரு கடையில் பரோட்டா சாப்பிட்டார்கள். பவானி வண்டியில் ஜன்னல் ஓரம் அவளுக்குக் கிடைத்தது.

கேட்டுவிடு, கேட்டுவிடு என்று மனம் அரித்தது. இயற்பியல் எப்படிப் போனது? வீட்டில் மனைவி தேவகி சாமி விளக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாளே, அவளுக்கு என்ன சொல்வது? தனபாலன் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். மில்லில் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததுபோலவே உட்கார்ந்திருந்தார்.

சங்ககிரி மலை தெரிந்தபோது அவள் கேட்டாள்.

"ஏப்பா, நீங்க ஏன் ஒண்ணுமே கேக்கல?"

"தெரியல கண்ணு" என்றார்.

கொஞ்ச தூரம் போனது.

"பிசிக்ஸ் சரியில்லைப்பா."

"செரி."

"எனக்கு முன்னாடி உக்காந்திருந்த பொண்ணு அழுதுருச்சு. மேடம் வந்து முதுகத் தடவிக் குடுத்தாங்க. எனக்கும் அழுகை வந்துச்சு. ஆனா எனக்கு யாரும் தடவித் தர வேண்டாம்னு அடக்கிக்கிட்டேன்."

தனபாலன் அசையாமல் இருந்தார். தொட்டால் நின்றுவிடுமோ என்று பயம்.

அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். "அந்த மலை இருக்குதில்லப்பா, அந்தப் பாறைக்கு வயசு பல கோடி வருசம். நம்ம ஊருப் பக்கம் சில கல்லுக்கு எரநூறு கோடி வருசத்துக்கு மேல. ரொம்பப் பழசு. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லு."

சொன்னாள். பூமிக்கு அடியில் கல் வெந்து உருகுவதைப் பற்றி, மலைகள் இன்னும் வளர்வதைப் பற்றி, மண்ணைப் பார்த்தே மழையின் பழைய கதையைச் சொல்கிறவர்களைப் பற்றி. கதவைச் சாத்திக்கொண்டு, பாடம் முடித்த பிறகு, அதையெல்லாம்தான் தேடித் தேடிப் படித்திருக்கிறாள். குமாரபாளையம் வந்ததும் தெரியவில்லை, பவானிப் பாலம் ஏறியதும் தெரியவில்லை. இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதும் பேசிக்கொண்டே வந்தாள். தனபாலனின் தோள் நனைந்திருந்தது. வியர்வையா, அவள் எப்போதாவது சாய்ந்து அழுதாளா என்று அவருக்கு நினைவில்லை.

*

முடிவு வந்தது. போன தடவையைவிட மதிப்பெண் அதிகம். ஆனால் மருத்துவத்துக்குப் போதாது.

தேவகி இரண்டு நாள் அழுதாள். இன்னும் ஒரு வருஷம் படிக்க வையுங்கள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். தனபாலனுக்கும் அந்த ஆசை உள்ளூர இருந்தது. மகள் முன்னால் போய் உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை.

"வேற ஒரு பரீட்சையும் எழுதியிருக்கேன்பா" என்றாள் அவள். "கல்லு, மண்ணப் பத்திப் படிக்கற நெலவியலுக்கு. எடம் கெடைக்கும்போல. ஆனா ரொம்பத் தூரம். வடக்கே, இமயமலை அடிவாரத்துல."

"எவ்வளவு தூரம்?"

"ரயில்ல ரெண்டு ராத்திரிக்கு மேல."

அடுப்படியில் தேவகி கரண்டியைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. ஈரோட்டில் ஒரு கல்லூரி இருக்கிறது, கோயமுத்தூரில் ஒன்று இருக்கிறது, காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாம். எல்லாம் தனபாலனின் நாக்கில் வந்து நின்றது. மகளின் முகத்தைப் பார்த்தார். பேருந்து ஜன்னலில் பார்த்த அதே முகம்.

"செரி, போ" என்றார்.

அதற்கு அப்புறம் ஒரு மாதம் வீடு முழுக்க அவள் குரல்தான். சமையலறையில், குளியலறையில், மொட்டை மாடியில். தனபாலன் அலுவலகத்திலிருந்து சீக்கிரம் கிளம்பி வந்துவிடுவார். அவள் பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருப்பார். பேச்சு மட்டும் அவருக்கு முழுதாகக் காதில் ஏறாது. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தன.

அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். மலை, குளிர், புரியாத பாஷை. விடுதி வாசலில் ஒரு அம்மாள் நின்று, பெற்றோர் இதற்கு மேல் வரக்கூடாது என்று சைகை காட்டினாள். மகளிடம் சொல்வதற்கு ஒன்று வைத்திருந்தார் தனபாலன். ரயிலில் வரும் வழியெல்லாம் அதைத்தான் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். நறுமுகை படியேறப் போனாள். திரும்பினாள்.

"சார்ஜர் எடுத்து வெச்சியா கண்ணு?" என்றார்.

"வெச்சுட்டேன்பா" என்றாள். உள்ளே போனாள்.

*

ரயிலிலிருந்து இறங்கியவர் நேராகத் தயாபரரிடம்தான் வந்தார். சட்டை கசங்கியிருந்தது.

தயாபரர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பாய் விரித்தார். தனபாலன் உட்காரவில்லை.

"பேசலியேன்னு உங்ககிட்ட வந்து அழுதேன் சாமி. பேசினா. பேசினதுக்கப்பறம் போயிட்டா. பேசாமயே இருந்திருந்தா இங்கயே இருந்திருப்பாளோ என்னமோ."

தயாபரர் கீரையை முறத்தில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"போறது போகட்டும். அதுகூடப் பரவால்லைங்க. சொல்ல வேண்டியத சொல்லாம வந்துட்டேன். வாய் தெறந்தா சார்ஜர்னு வருது. கடைசியா அவ அப்பன் சொன்னது அதுதான். எம் மனசுல இருக்கறது அவளுக்கு எப்படிங்க தெரியும்?"

வாழை இலைகள் காற்றில் கிழிந்துகொண்டிருந்தன. தனபாலன் பாயில் உட்கார்ந்தார். பல வருஷமாக வருகிறவர் ஒருநாளும் கேட்காத ஒன்றை அப்போது கேட்டார்.

"சாமி, நீங்க வீட்ட விட்டு வந்தப்போ வழியனுப்ப யாராச்சும் வந்தாங்களா?"

"எங்கப்பா வந்தார். பஸ் ஸ்டாப் வரைக்கும்."

"என்ன சொன்னார்?"

"பஸ் வர்ற வரைக்கும் ஒண்ணும் சொல்லல. ரெண்டு பேரும் சும்மா நின்னோம். நான் ஏறி உக்காந்தேன். வண்டி கெளம்பிருச்சு. அப்பறம்தான் கூடவே நாலு எட்டு ஓடி வந்து, என்னமோ சொன்னார். என்ஜின் சத்தத்துல காதுல விழல."

"திரும்பிப் போய்க் கேக்கலையா?"

"நான் போறதுக்குள்ள அவர் காலமாயிட்டார்."

தனபாலன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "என்ன சொல்லியிருப்பாருங்க?" என்றார்.

தயாபரர் முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டார். ஒரு கீரைத் தண்டைக் கையில் எடுத்தார்.

"இங்க வந்து உக்காந்த நாள்லருந்து அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."