இரண்டு பானைக்கு ஒரு தீ

கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே. காட்டுக்கெல்லாம் காவல் போட்டு, சுள்ளி பொறுக்கினாலும் சவுக்கடி என்று உத்தரவிட்ட ராஜா ஒருவன் முன்னொரு காலத்தில் இருந்தான். அவன் பேர் நமக்கு வேண்டாம். அவன் நாட்டில் செங்கழனி என்ற ஊரில் அங்காயி என்றொருத்தி இருந்தாள். அவள் பேர்தான் வேண்டும்.

அங்காயி குயவன் பெண்டாட்டி. புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். மிஞ்சியது இரண்டு பெண் குழந்தைகளும், ஊர்ச் சூளையில் அவன் பங்குக்கு இருந்த இடமும். சக்கரமும் இருந்தது. ஆனால் பெண்கள் சக்கரத்தைத் தொடக்கூடாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. மண்ணை மிதிக்கலாம், சுமக்கலாம், விற்கலாம். சுற்றக்கூடாது.

கொழுந்தன் சடையனுக்கு அந்த இடத்தின் மேல் கண். "அண்ணி சும்மா வைத்திருப்பதை எனக்குக் கொடுத்தால் என்ன?" என்று சூளைத் தலைவரிடம் போய் நின்றான்.

தலைவர் யோசித்தார். "மூன்று சந்தை பார்ப்போம். அதற்குள் இவள் சரக்கு விற்றால் இடம் இவளுக்கு. இல்லையென்றால் உனக்கு."

முதல் சந்தைக்கு அங்காயி கையாலேயே பானை பிடித்தாள். எல்லாம் ஒருபக்கமாகச் சாய்ந்தன.

"பானைக்குக் கழுத்துச் சுளுக்கா?" என்று சிரித்தார்கள். ஒன்றும் விற்கவில்லை.

இரண்டாம் சந்தைக்கு அதே பானைகளில் காவியும் சுண்ணாம்பும் குழைத்துக் கிளி வரைந்தாள். கூட்டம் கூடியது. தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு சடையனிடம் போய்க் கறுப்புப் பானை வாங்கினார்கள்.

"கிளி அழகாத்தான் இருக்கு. கிளியா சோறு வடிக்கும்?" என்றாள் ஒருத்தி.

மிஞ்சிய சரக்கின் நடுவே உட்கார்ந்திருந்த அங்காயி, அப்போதுதான் தன் பானைகளை விட்டுவிட்டு, வந்தவர்களைப் பார்த்தாள். கிளியைப் பற்றிக் கேட்டவளிடமே கேட்டாள்:

"உனக்கு வேற என்னதான் வேணும், தாயி?"

"விறகு வேணும், தருவியா? சோறு வெந்தா குழம்புக்கு விறகில்லே. குழம்பு கொதிச்சா சோறு அரைவேக்காடு."

கொடுக்கிற அளவுக்கு விறகு அங்காயியிடமும் இல்லை. வீட்டுக்குப் போய் உலை வைத்தாள். பானையின் பக்கவாட்டில் தீ வெளியே வந்து சுவரை நக்கிக்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாக நக்கியதோ! அந்தத் தீ வீண்தானே?

மண்ணோடு உமியைப் பிசைந்து, பெரிய வாய் ஒன்றும், பக்கத்தில் சின்ன வாய் ஒன்றும் வைத்து அடுப்பு பிடித்தாள். இடையே தீ போக ஒரு வழி விட்டாள். முதல் அடுப்பு சூளையில் வெடித்தது. இரண்டாவது வீடு நிறையப் புகைந்தது. மூன்றாவது தீயைச் சின்ன வாய்க்கு இழுத்தது. அதைப்போலவே இன்னும் பத்துப் பிடித்துச் சுட்டாள்.

மூன்றாம் சந்தை.

"அண்ணி, அடுப்பு குட்டி போட்டிருக்கே!" என்றான் சடையன்.

அங்காயி ஓர் அடுப்பை நடுவில் இழுத்து வைத்தாள். ஒரு பிடி சுள்ளியைப் பெரிய வாயில் மட்டும் வைத்துப் பற்றவைத்தாள். இதில் சோறு, அதில் குழம்பு. இரண்டும் கொதித்தன.

"ஏடி, சின்ன வாய்க்கு விறகே வைக்கலையேடி!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

உச்சிப்பொழுதுக்குள் எல்லாம் விற்றுப் போயின; சமைத்துக் காட்டிய அடுப்பைக்கூட ஒருத்தி சூடு ஆறுமுன் சும்மாடு வைத்துத் தூக்கிப் போனாள்.

சடையனுக்குப் பொறுக்கவில்லை. சந்தைக்கு வந்திருந்த தலைவரிடம் ஓடினான். "தலைவரே, இவள் சக்கரத்தைத் தொட்டிருக்கிறாள்!"

அங்காயி எழுந்தாள். "கொழுந்தனாரே, உங்கள் சக்கரத்தில் இப்படி ஒன்று சுற்றிக் காட்டுங்கள். காட்டிவிட்டால் இடத்தை இப்பவே எடுத்துக்கொள்ளுங்கள்."

சடையன் தன் சக்கரத்தைக் கொண்டுவந்து சுற்றினான். ஒரு வாய் வந்தது. இன்னொரு வாயைப் பக்கத்தில் இழுத்தான், மண் சரிந்தது. மறுபடி சுற்றினான், சரிந்தது. மூன்றாம் தடவை முகத்தில் தெறித்தது.

"சக்கரத்தால் முடியாததை எப்படியப்பா அவள் சக்கரத்தில் செய்திருப்பாள்?" என்றார் தலைவர். "சூளையில் இடம் அங்காயிக்கு. போய் முகத்தைக் கழுவு."

ஆகவே கேட்டவர்களே, வாங்க வருகிறவரின் கஷ்டத்தைப் பார்த்து, அதற்கென்று புதிதாக ஒன்றைச் செய்கிறவளின் தொழில் நிலைத்து நிற்கும்.