சண்டைக்கு வந்தவருக்குத் தண்ணீர்

சஷ்டி விரதம் தொடங்குவதற்கு முதல் நாள் செண்பகவல்லி குருவிடம் வந்து நின்றாள். ஆறு நாளும் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருக்கப் போவதாகச் சொன்னாள். அதற்கு உத்தரவு வேண்டும் என்றாள்.

குரு தவசி கரட்டடி மடத்தின் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். செண்பகவல்லியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். அவள் சிஷ்யையாக வந்து சேர்ந்த பிறகும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"உக்காருங்க அக்கா."

"நின்னே பழக்கம் சாமி."

பொய்யில்லை. மடத்துக்கு வருமுன் டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றவள் அவள். காலையில் போய் நின்றால் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். கழிப்பறை மேல்மாடியில் இருந்தது. போய்விட்டு வந்தால் சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லமாட்டார், கடிகாரத்தை மட்டும் பார்ப்பார். அதனால் அங்கே வேலை பார்த்த பெண்கள் எல்லோரும் ஒரே உபாயத்தைக் கற்று வைத்திருந்தார்கள். தண்ணீர் குடிப்பதில்லை.

பிறகு அவளுக்கு ஒரு நோய் வந்தது. தண்ணீர் குடிக்காததால்தான் வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. ஆனா இனிமே அந்தப் பழக்கம் உங்களுக்கு ஆகாது" என்றார்.

கண்ணில் ஈரம் வற்றி, மணல் விழுந்தது போல உறுத்தியது. வாயில் எச்சில் ஊறவில்லை. சோறு தொண்டையிலேயே நின்றது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கவில்லை. உடம்பைக் காவல் காக்க வேண்டிய படை, சொந்த ஆளையே திருடன் என்று நினைத்து அடிக்கிறது என்று டாக்டர் விளக்கினார். அடியோடு போகாது, மாத்திரையால் அடக்கி வைக்கலாம். கையோடு தண்ணீர் வைத்துக்கொள்ள வேண்டும். மடமடவென்று குடிக்க வேண்டாம், வாய் காயக் காய நனைத்துக்கொண்டே இருந்தால் போதும்.

"தண்ணி குடிச்சா இது போயிடுமா டாக்டர்?"

"போகாது."

அந்த ஒரு சொல்தான் அவளுக்குள் தங்கிவிட்டது.

குரு ஒரு கடலையை உடைத்தார். "மாத்திரை?"

"தண்ணியில்லாம எப்படி முழுங்குறது? அதுவும் ஆறு நாளைக்கு நிறுத்தம்தான்."

குருவின் கை நின்றது. "டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"அவர்கிட்ட கேக்கலை. முருகன்கிட்ட கேட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"நீங்க சரின்னு சொன்னா அவருக்கும் சரியாம்."

குரு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"விளையாட்டுக்குச் சொல்லலை சாமி. இந்த உடம்பை நான் ஒரு நாள் உக்கார வச்சதில்லை. அதுவும் ஒரு நாள் முரண்டு பிடிச்சதில்லை. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இப்போ என் சோத்தைத் தின்னுட்டு என்னையே கடிக்குது. அதைக் காயப் போடப் போறேன். எனக்கு எதிரா நிக்கிறதுக்கு நான் எதுக்குத் தண்ணி குடுக்கணும்?"

குரு பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வேலிப் படல் சடாரென்று திறந்தது.

"டேய் தவசி."

குருவின் கூடப்பிறந்த அண்ணன் கருப்பணன். கையில் பாதி கடிபட்ட பருத்திச் செடி ஒன்றை வேரோடு பிடித்திருந்தார். மழை வராத ஐப்பசி வெயிலில் நடந்தே வந்திருந்தார்.

"உன் ஆடு என் பருத்தியை மேஞ்சிருக்கு. என்ன சொல்றே?"

"மடத்துல ஆடு கிடையாதே அண்ணே."

"இருந்தா விட்டிருப்பேல்ல?"

அவர் வருவது புதிதில்லை. போன வாரம், மடத்து மணிச் சத்தத்தால் தன் மோட்டார் படுத்துவிட்டது என்று வந்தார். அதற்கு முன் கோழி முட்டையிடவில்லை என்று வந்தார். செண்பகவல்லி அவரை வெளியே அனுப்பிப் படலைச் சாத்திவிடலாம் என்று நகர்ந்தாள்.

"அக்கா, அண்ணனுக்குத் தண்ணி கொண்டாங்க" என்றார் குரு.

"இவருக்கா?"

"வந்திருக்காரே."

"உன் தண்ணி எவனுக்கு வேணும்?" என்றார் கருப்பணன்.

"சரி அண்ணே. சும்மா பக்கத்துல இருக்கட்டும்."

அவள் பானையிலிருந்து செம்பு நிறையக் கொண்டு வந்து, இந்தா என்பது போல நீட்டினாள். குரு தலையசைத்துத் தடுத்தார்.

"மொத்தமா வேணாம் அக்கா. டம்ளர்ல கொஞ்சங் கொஞ்சமா ஊத்திக் குடுங்க. அண்ணன் இன்னும் நெறையப் பேச வேண்டியிருக்கு."

கருப்பணன் பேசினார். இல்லாத ஆட்டின் குணத்தைச் சொன்னார். அதை வளர்த்தவனின் குணத்தைச் சொன்னார். வேட்டி கட்டத் தெரியாத வயதில் தவசி செய்த திருட்டுத்தனம் ஒன்றையும் இழுத்தார். பாதியில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு சொல் முறிந்தது. கனைத்துப் பார்த்தார், வரவில்லை. யாரையும் பார்க்காமல் டம்ளரை எடுத்தார். முன்பொரு நாள் நின்றுகொண்டே குடித்துப் புரையேறியவர் என்பதால் பெஞ்சில் உட்கார்ந்தார்.

குடித்து முடித்த பிறகு எழுந்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

உட்கார்ந்தபடியே திட்டினார். அவள் இன்னொரு டம்ளர் ஊற்றினாள். பருத்திச் செடியைப் பெஞ்சின் மேல் வைத்தார். குரல் இறங்கியிருந்தது.

"கிழக்குத் தெரு ஆடாவும் இருக்கும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நீ யோக்கியன்னு நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார்.

"சரி அண்ணே."

"நாளைக்கு வந்து பேசிக்கிறேன்."

செடியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார். படலைச் சாத்தவில்லை.

செண்பகவல்லி போய்ச் சாத்திவிட்டு வந்தாள். "இதுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போடலாம் சாமி."

"எங்க வீட்டுல ரெண்டே பிள்ளைங்க அக்கா. பூட்டிட்டு யாரை வெளியே நிறுத்த?"

"அப்போ நல்லாக் கேட்டுக்கிட்டே இருங்க."

"சின்னதுல என் மேல எவனாவது கை வச்சா இவர்தான் ஓடி வருவார். தெருவே பயப்படும்." குரு மறுபடி கடலையை எடுத்தார். "இப்போ என்னை அடிக்க ஆளில்லை. என்னையே பிடிச்சுக்கிட்டார்."

"உங்களுக்குக் கோபம் வராதா?"

"வருது."

அந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. செம்பைப் பார்த்தாள். வார்த்தை ஒட்டிக்கொண்டு வந்தது.

"தண்ணி குடுத்து என்ன ஆச்சு? ஆடு இல்லைன்னு ஒத்துக்கிட்டாரா? நாளைக்கும் வர்றேன்னுதானே போறார்?"

"வருவார்."

"பிறகு எதுக்குக் குடுக்கணும்?"

"வந்தப்போ நின்னு திட்டினார்" என்றார் குரு. "போறப்போ உக்காந்து திட்டினார்."

வெளியே ஏதோ ஒரு ஆடு கத்தியது. யாருடையதோ.

செண்பகவல்லி எச்சில் விழுங்கப் பார்த்தாள். விழுங்க ஒன்றும் இல்லை. உதட்டோரம் வெடித்திருந்ததை நாக்கால் தொட்டாள், நாக்கும் உலர்ந்திருந்தது. கடையில் இருந்தபோது மதியத்துக்கு மேல் இப்படித்தான் இருக்கும். அப்போதும் வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசிச் சேலையை விரித்துக் காட்ட வேண்டும்.

"என் விரதத்துக்கு நீங்க ஒண்ணும் சொல்லலியே சாமி."

குரு எழுந்தார். கருப்பணன் குடித்த டம்ளரை எடுத்துக் கழுவினார். செம்பின் அடியில் மிச்சமிருந்த தண்ணீரை அதில் ஊற்றினார். அரை டம்ளர்கூட வரவில்லை. அவள் முன்னால் பெஞ்சின் மேல் வைத்தார்.

"உங்களோட சண்டைக்கு வந்தவரும் ரொம்ப நேரமா நின்னுக்கிட்டே இருக்கார் அக்கா."