அரண்மனைக்கு வந்த அசதி

குடித்தவனுக்கு ஐம்பது சாட்டையடி என்று கோடைமங்கலத்து ராஜா இரணகேது சட்டம் போட்டாலும் போட்டார், அன்றிலிருந்து அரண்மனையில் ஒருவரும் குடிப்பதே இல்லை. தளபதி தாகசாந்தி செய்துகொள்வார். மந்திரி தீர்த்தம் சாப்பிடுவார். ஆஸ்தானப் பாடகர் சுதி ஏற்றிக்கொள்வார். ராஜா கொஞ்சம் உற்சாகமாக இருப்பார், அவ்வளவுதான். காலையில் தலை தூக்க முடியாவிட்டால் அதற்கும் மரியாதையான பெயர்கள் இருந்தன: மயக்கம், தலைசுற்றல், அசதி. குடிப்பதெல்லாம் ஏழைகள்தான். பாவம், அவர்களுக்கு வேறு வார்த்தை தெரியாது.

திருவிழாவுக்கு மறுநாள் பல்லக்குத் தூக்கி சடையனைக் கட்டி இழுத்து வந்தார்கள். தளபதி மல்லையராயரைப் பல்லக்கோடு குளத்தில் இறக்கிவிட்டானாம்.

"குடிச்சியாடா?" என்றார் மந்திரி.

"குடிச்சேன் சாமி. தளபதி ஐயா மிச்சம் வச்சதுதான்."

"ஐம்பது அடி!" என்றார் ராஜா.

சபையில் வாயாடி என்று பெயரெடுத்த அம்பலக்கூத்தனுக்கு மனசு கேட்கவில்லை. முதுகு கிழிந்தால் சடையன் இனிப் பல்லக்குத் தூக்க முடியாது. அவன் வீட்டில் உலை ஏறாது.

"தளபதியாரே, குளத்தில் தாங்களும் எழுந்திருக்காமல் கிடந்தீர்களாமே?"

"எனக்கு மயக்கம்!"

"எனக்குத் தலைசுற்றல்," என்று கேட்காமலே சொன்னார் மந்திரி.

"எனக்கும் ஒரே அசதி," என்று ராஜா கொட்டாவி விட்டார்.

கூத்தன் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயையோ, அரண்மனைக்குள் கொள்ளைநோய் புகுந்துவிட்டதே! வைத்தியரைக் கூப்பிடுங்கள்!"

வைத்தியர் வந்தார். கூத்தனுக்குப் பழைய கூட்டாளி. அவன் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"மயக்கத்துக்கு உள்ளங்காலில் சூடு போட வேண்டும். தலைசுற்றலுக்கு ஒரு படி விளக்கெண்ணெய்."

பழுக்கக் காய்ந்த கம்பியைக் கண்டதும் தளபதி அலறினார். "மயக்கமாவது மண்ணாங்கட்டியாவது! குடித்தேன் ஐயா, மூக்குமுட்டக் குடித்தேன்!" விளக்கெண்ணெய்ப் படி பக்கத்தில் வருமுன்னே மந்திரியும் ஒப்புக்கொண்டார்.

"அசதிக்கு என்ன?" ராஜா மெல்லக் கேட்டார்.

"அதுதான் பொல்லாத நோய், மகாராஜா. ஆறு மாதம் படுக்கையை விட்டு எழக் கூடாது. ராஜ்ஜியத்தை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்."

ராஜாவின் மைத்துனர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"நீர் உட்காரும் ஐயா!" ராஜா சிம்மாசனத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். "நானும் குடித்தேன்!"

சாட்டைக்காரன் பணிவாகக் கேட்டான்: "மகாராஜா மன்னிக்கணும். அடியை யார்கிட்டேருந்து ஆரம்பிக்கட்டும்?"

ராஜா திருதிருவென்று விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சாட்டைச் சட்டம் அந்த நிமிஷமே ஒழிந்தது. சடையனின் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தன் கழுத்தில் போட்டார்.

"அது கிடக்கட்டும், நேற்று நீ என்ன செய்தாய்?"

"குடித்தேன், மகாராஜா."

"அடே, வாய் கூசாமல் சொல்கிறாயே!"

"என்ன செய்வது மகாராஜா, நம் வைத்தியரை எனக்கு நன்றாகத் தெரியுமே!"