குழிக்குள் ஓர் அவசரக் கூட்டம்

மூங்கில்காட்டில் நாலு நண்பர்கள் இருந்தார்கள். கரடி மொத்தையன், காட்டுப்பன்றி உருட்டன், முள்ளம்பன்றி கூரம்மா, முயல் பஞ்சு. நாலு பேர் மூளையையும் திரட்டினால் ஒரு எறும்புக்கே பற்றாது. எதுவானாலும் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேசி முடிவெடுத்த பிறகுதான் செய்ய வேண்டும் என்று சட்டம் வைத்திருந்தார்கள். அதில் பெருமை வேறு!

மலைக்கு அந்தப் பக்கம் பலா பழுத்திருப்பதாகக் கேள்விப்பட்டு ஒருநாள் கிளம்பினார்கள். யானை பிடிக்க யாரோ எப்போதோ வெட்டிய குழி ஒன்று வழியில் இருந்தது. முன்னால் துள்ளிப் போன பஞ்சு அதில் தொப்பென்று விழுந்தான். வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. மழை பெய்தால் குழி நிரம்பிவிடும். பஞ்சுவுக்கு நீச்சல் தெரியாது.

"காப்பாத்துங்கண்ணே!" என்று அலறினான்.

"பொறுடா. பேசி முடிவெடுக்க வேண்டாமா?" என்றான் மொத்தையன்.

"எப்படிப் பேசறது? இங்க மூணு பேர்தானே இருக்கோம்?" என்றாள் கூரம்மா.

மூவரும் யோசித்தார்கள். அதைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. பிறகு ஒருவர் பின் ஒருவராகக் குழிக்குள் குதித்தார்கள்.

கூட்டம் ஆரம்பமானது. "மேல இருந்து யாராவது ஒரு கொடியைப் போட்டா பஞ்சு ஏறிடலாம்" என்றான் உருட்டன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கொடி போடத்தான் மேலே ஆள் இல்லை.

அந்த வழியாக வந்த மந்தி செங்கமலம் எட்டிப் பார்த்தாள். ஒரு கொடியை மரத்தில் கட்டி உள்ளே விட்டாள். "கெட்டியாப் பிடிச்சுக்குங்க. என்ன ஆனாலும் விடாதீங்க" என்று சொல்லிவிட்டு இலை பறிக்கப் போனாள்.

திரும்பி வந்து பார்த்தால், நாலு பேரும் கொடியைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறார்கள்.

"ஏன் இன்னும் ஏறல?"

"பிடிக்கத்தானே சொன்னீங்க? விடாமப் பிடிச்சிருக்கோம்."

"அட மண்டூகங்களா, ஏறித் தொலைங்க!"

ஒவ்வொருவராக ஏறினால் சட்டம் என்னாவது? நாலு பேரும் ஒரே நேரத்தில் தொங்கினார்கள். கொடி அறுந்தது. மொத்தையன் கூரம்மாவின் மேல் உட்கார்ந்த வாக்கில் விழுந்தான். அவன் போட்ட சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் கேட்டது. செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். நானாக இருந்தால் அதற்கு முன்பே போயிருப்பேன்.

மழை கொட்டியது. தண்ணீர் இடுப்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. பஞ்சு மொத்தையனின் தலைமேல் ஏறி நடுங்கினான்.

"அண்ணே, நான் செத்துடுவேனா?"

"அதையும் பேசித்தான்டா முடிவு பண்ணணும்."

அவர்கள் பேசப் பேசத் தண்ணீர் ஏறியது. நாலு பேரையும் தூக்கி மிதக்கவிட்டுக் குழிக்கு வெளியே கொண்டுவந்து தள்ளியது. மழைக்காவது புத்தி இருந்தது.

கரையேறியதும் கூரம்மா கேட்டாள்: "இனிமே குழியில விழாம இருக்க என்ன வழி?"

"பெரிய விஷயம். உடனே கூட்டம் போடணும்" என்றான் உருட்டன்.

"குழியைப் பத்திப் பேசறதை வெளிய உட்கார்ந்து பேசினா நல்லாவா இருக்கும்?" என்றான் பஞ்சு. உயிர் பிழைத்தவன் சொல்கிறான், யாரால் மறுக்க முடியும்?

பழைய குழியில் தண்ணீர் நிற்கிறது. எனவே நாலு பேரும் சேர்ந்து புதிதாக ஒன்று தோண்டினார்கள். நாலு நாள் ஓயாமல் தோண்டி, இனி யாராலும் ஏறி வர முடியாது என்கிற ஆழம் வந்ததும், உள்ளேயே உட்கார்ந்து கூட்டத்தைத் தொடங்கினார்கள்.