பாதி ஆழத்துச் சூடு

அந்தக் காலத்தில் மிருகங்கள் மட்டுமல்ல, மணலும் பேசும். இரவு இன்னும் பிறக்கவில்லை. சூரியன் கடற்கரைக்கு நேர் மேலே ஆணி அடித்ததுபோல நின்றது. அதனால் மணலின் மேற்பக்கம் எப்போதும் ஒரே கொதிப்பு. தோண்டிக்கொண்டே போனால் கடல்நீர் ஊறிய ஈரமண் வரும். அங்கே எப்போதும் ஒரே குளிர்.

அந்தக் கரைக்குப் பங்குனி ஆமை என்கிற ஒரு கடலாமை வந்தாள். வாயைத் திறக்கவே அவளுக்குப் பயம். எதைச் சொன்னாலும் தப்பாகச் சொல்லிவிடுவோம், கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், காரியமும் கெட்டுப்போகும் என்று நினைப்பாள். அதனால் மணல் நண்டின் வளை வாசலுக்கு வந்த பிறகும் கூப்பிடாமல், அதை அடைத்துக்கொண்டு நின்றாள்.

நண்டு கண்ணை மட்டும் வெளியே நீட்டினான்.

"என்ன ஆமையக்கா, மலை மாதிரி வாசலை அடைச்சுக்கிட்டு நிக்கிறே? எனக்கு நிழல் குடுக்க வந்தியா?"

"தப்பாச் சொன்னா சிரிக்காதே தம்பி."

"முதல்ல சொல்லு. சிரிக்கிறதா வேண்டாமான்னு அப்புறம் பாத்துக்கலாம்."

ஆமை மென்று விழுங்கிச் சொன்னாள். முதல் தடவை மணல்மேலேயே முட்டையிட்டாள். எல்லாம் வெந்துபோயின. அடுத்த தடவை பயந்துபோய் குழிக்குள்ளேயே இறங்கி ஈரமண் வரைக்கும் தோண்டி வைத்தாள். எல்லாம் விறைத்துப்போயின. இப்போது வயிற்றில் இருப்பவைதான் கடைசி முட்டைகள். இவையும் போனால் ஆமைக் குலம் அவளோடு சரி.

"என் வயித்துச் சூடு இருக்கிற இடத்துல வச்சா குஞ்சு பொரியும். உன் வளை மேலேருந்து அடிவரைக்கும் போகுதே, அது எந்த இடம்னு சொல்லேன்."

நண்டு கொடுக்கால் தலையைச் சொறிந்தான். "மேலே சுடும், கீழே குளிரும், அது தெரியும். நடுவுல நான் ஓடிடுவேன். ஓடுறவனுக்கு நடுவழி ஏதுக்கா?"

ஆமைக்கு அழுகை முட்டியது. தலையைச் சாய்த்து வளையின் சுவரில் கன்னத்தை வைத்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மிக மெல்லிய சத்தம். "இந்தா… வாங்கிக்கோ… இந்தா… வாங்கிக்கோ…"

"யாரு அது?" என்றாள்.

"மணல்தான்" என்றது கன்னத்தடியில் இருந்த ஒரு மணல்துகள்.

"என்ன செய்யறீங்க?"

"சூட்டைக் கை மாத்தி விடுறோம். மேலே இருக்கிறவன் எனக்குத் தர்றான். நான் கீழே இருக்கிறவனுக்குத் தர்றேன்."

"உனக்குன்னு கொஞ்சம் வச்சுக்க மாட்டியா?"

"ஆரம்பத்துல வச்சுக்கிட்டேன். அதுலதான் இவ்வளவு சூடானேன். இப்ப போதும்னு ஆயிடுச்சு. எவ்வளவு வருதோ அவ்வளவும் போகுது. அதனால நான் கூடுறதும் இல்லை, குறையறதும் இல்லை."

ஆமைக்கு ஓட்டுக்குள் உடம்பு சிலிர்த்தது. கரை முழுவதையும் பார்த்தாள். ஒரு மணல்துகளும் அசையவில்லை. ஆனால் அவளுடைய காலடியில், கண்ணுக்குத் தெரியாமல், மேலிருந்து கீழாக ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. முன்பும் அதே அளவு. இப்போதும் அதே அளவு. யாரும் திருடவில்லை. யாரும் பதுக்கவில்லை.

அவள் மெதுவாக யோசித்தாள். வழியில் யாருமே சூட்டை வைத்துக்கொள்வதில்லை. மேலிருந்து அடிவரை மணலும் ஒரே மணல். அப்படியானால் சூடு ஓரிடத்தில் பொத்தென்று விழாது, ஓரிடத்தில் தயங்கி நிற்காது. சீரான சரிவில் இறங்குவதுபோலத்தான் இறங்கும். கால் ஆழத்தில் கால்பங்கு குறைந்திருக்கும். பாதி ஆழத்தில் பாதி. அவளுடைய வயிறோ, கொதிமணலில் படுத்தால் எவ்வளவு சுடுமோ, ஈரமண்ணில் படுத்தால் அவ்வளவு குளிரும். இரண்டுக்கும் சரிபாதியில் இருக்கிற வயிறு.

"தம்பி, சரியா பாதி ஆழத்துல போய் நில்லு. என் வயித்துச் சூடு அங்க இருக்கும்."

"நீ உள்ளே போய்ப் பாத்தியா?"

"இல்லை."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

"கணக்குப் பாத்தா அங்கதான் இருக்கணும். இல்லேன்னா சிரிச்சுக்கோ."

நண்டு அவள் வயிற்றில் கொடுக்கை வைத்துப் பார்த்தான். "மெதுவாடா, கூசுது" என்றாள். அவன் வளைக்குள் போனான். ஆமை வளை வாசலில் காதை வைத்துக் கேட்டாள். சிரிப்புச் சத்தம் வரவில்லை. வெகுநேரம் கழித்து நண்டு வெளியே வந்தான். எப்போதும் ஓடுகிறவன் அப்போது நடந்து வந்தான்.

"அக்கா, உன் வயித்தைத் தொட்ட மாதிரியே இருக்கு" என்றான். குரல் இறங்கியிருந்தது. "எப்பவும் அந்த வழியாத்தான் ஓடுறேன். தெரியாமப் போச்சே."

ஆமை பின்பக்கத் துடுப்புக் கையால் தோண்டினாள். குழிக்குள் இறங்காமலே கை எட்டிய ஆழமும் அந்தப் பாதி ஆழமும் ஒன்றாகவே இருந்தன. அளந்து படைத்ததுபோல இருந்த தன் கையை அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். முட்டைகளை இட்டு, மணலை மூடி, பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள்.

ஆனால் மனசு படுக்கவில்லை. கணக்கு தப்பாக இருந்தால்? நண்டு சரியாகத் தொட்டுப் பார்க்காவிட்டால்? கடல் சிலமுறை ஏறி இறங்கியது. அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று மணலை விலக்கினாள்.

வெயில் நேரே குழிக்குள் விழுந்தது.

"ஐயோ தாயே, வரிசை கலைஞ்சு போச்சு!" என்று மணல் அலறியது.

ஆமை பதறிப்போய் மூடினாள். மேலாக இருந்த சில முட்டைகள் அதற்குள் வெந்துவிட்டன.

"பழையபடி ஆகுமா?" என்று கேட்டாள்.

"நீ தொடாம இருந்தா ஆகும்."

"எவ்வளவு நேரம்?"

"எங்களுக்குத் தெரியாது தாயே. நீ தொடாம இருந்தா ஆகும்."

ஆமை தன் கையைப் பார்த்தாள். அது அப்போதே மணலைக் கீறிக்கொண்டிருந்தது. மணலை அவளால் நம்ப முடிந்தது. கணக்கையும் நம்ப முடிந்தது. கையை மட்டும் நம்ப முடியவில்லை.

எழுந்தாள். குழிமேல் ஏறி, வயிற்றால் மணலைத் தொம் தொம் என்று அடித்து இறுக்கினாள். பிறகு நாலு பக்கமும் மணலை வாரி இறைத்தாள். கரை முழுவதும் ஒரே மாதிரி ஆகும்வரை இறைத்தாள்.

"என்னக்கா செய்யறே? இப்ப முட்டை எங்க இருக்குன்னு உனக்கே தெரியாதே!" என்று நண்டு கத்தினான்.

"தெரிஞ்சா தோண்டிடுவேன்டா" என்றாள். கண்ணிலிருந்து நீர் வடிந்தது. கடலைப் பார்த்து நடந்தாள். திரும்பவே இல்லை.

கடல் பலமுறை ஏறி இறங்கியது. ஒருமுறை அலைக்கடியில் அவள் கிடந்தபோது, உள்ளங்கை அளவுகூட இல்லாத துடுப்புகள் அவள் முகத்தை உரசிக்கொண்டு போயின. ஒன்று, பிறகு ஒன்று, பிறகு ஒரு கூட்டம். கரைக்கடியில் அந்த ஆறு இத்தனை காலமும் அவளுக்காக ஓடிக்கொண்டிருந்ததை நினைத்து, அசையாமல் கிடந்து வழி விட்டாள்.

பிறகு உலகத்துக்கு இரவும் வந்தது. ஆனாலும் அன்று முதல் இன்றுவரை கடலாமை கை எட்டும் ஆழத்தில் முட்டையிட்டு, வயிற்றால் மணலை அடித்து, தடத்தைக் கலைத்து, அழுதுகொண்டே கடலுக்குப் போகிறாள். இடம் தெரிந்தால் கை சும்மா இருக்காது என்று, திரும்பிக்கூடப் பார்க்காமல்.