நாவல்பழத்துக்கு விழுந்த ஓட்டு

ஆலங்காட்டுக் குளக்கரையில் விலங்குக் குட்டிகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே வருஷா வருஷம் சிறந்த கதைப் புத்தகத்துக்கு விருது கொடுப்பார்கள். ஓட்டுப் போடுவது குட்டிகள்தான். பெரியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஒவ்வொரு புத்தகத்துக்கு முன்னாலும் ஒரு சட்டி இருக்கும். பிடித்த புத்தகத்தின் சட்டியில் ஒரு புளியங்கொட்டையைப் போட வேண்டும்.

முள்ளப்பன் என்ற முள்ளம்பன்றி அந்தக் காட்டின் பெரிய எழுத்தாளர். அப்படி அவரே சொல்லிக்கொள்வார். தன் முள்ளையே பிடுங்கி, மையில் தோய்த்து எழுதுவார். ‘நல்லொழுக்கம் நானூறு பக்கம்’ என்பது அவருடைய புத்தகம். போன இரண்டு வருஷமும் அவர் சட்டியில் ஒரு கொட்டைகூட விழவில்லை. இந்த வருஷமும் விழாவிட்டால் அவர் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். இடம் வேண்டுமே!

முள்ளப்பன் சும்மா இருக்கவில்லை. ஓட்டுக்கு முதல் நாள் குளக்கரைக்கே போய்விட்டார்.

“என் புத்தகத்தைப் படிச்சியா கண்ணு?” என்று முயல்குட்டியைக் கேட்டார்.

“தூக்கிப் பார்த்தேன் மாமா! கை வலிக்குது!”

“நீ படிச்சியா?” என்று அணில்குட்டியைக் கேட்டார்.

“அது மேல ஏறி நின்னுதான் ஜன்னல் வழியா வேடிக்கை பார்க்கிறேன். ரொம்ப உதவியா இருக்கு மாமா!”

முள்ளப்பனின் முகம் சுருங்கிவிட்டது. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரசனையே இல்லை’ என்று முணுமுணுத்தார். நாம்தான் சரியாக எழுதவில்லையோ என்ற சந்தேகம் மட்டும் வரவில்லை. எழுதுகிறவர்களுக்கு அது லேசில் வராது. இந்தக் கதையை எழுதுகிற ஆளுக்கும் இன்னும் வந்தபாடில்லை.

மறுநாள் காலையில், டீச்சர் கண்ணில் படாமல், ஒரு கூடை நாவல்பழத்தோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

“என் சட்டியில கொட்டை போட்டா ஒரு கை பழம்!”

குட்டிகள் முண்டியடித்தன. சட்டி நிரம்பி வழிந்தது. நாரை டீச்சர் எண்ணிப் பார்த்தார். செவந்தி என்ற தவளை எழுதிய பதினாறு பக்கப் புத்தகத்துக்கு ஒரே ஒரு கொட்டை. மற்றதெல்லாம் முள்ளப்பனுக்கு!

மாலை போட்டார்கள். அது முள்ளில் சிக்கிக்கொண்டது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் நடுவில் போய் உட்கார்ந்தார்.

“இனி நம்ம வழக்கப்படி, ஓட்டுப் போட்ட பிள்ளைங்க கதையைச் சொல்லணும். எழுதினவர் காது குளிரக் கேட்கணும். அதுதான் விருதே!” என்றார் டீச்சர்.

முள்ளப்பனுக்குப் பக்கென்றது. இரண்டு வருஷமும் எண்ணி முடித்த கையோடு கோபித்துக்கொண்டு கிளம்பியவருக்கு இந்த வழக்கம் எப்படித் தெரியும்?

முயல்குட்டி எழுந்து வாயைத் திறந்தது. நாக்கு ஊதாவாக இருந்தது. கதை வரவில்லை. அணில்குட்டிக்கும் அதே ஊதா நாக்கு. குரங்குக்குட்டி “ஒரு ஊர்ல...” என்று தொடங்கி, “ஒரு கூடை பழம் இருந்துச்சு!” என்று முடித்தது. குளக்கரையே சிரித்தது. முள்ளப்பன் கூனிக் குறுகிப் போனார்.

“யாருமே படிக்கலையா?” என்று டீச்சர் கேட்டார்.

“நான் படிச்சேன் டீச்சர்! நானூறு பக்கமும்!” என்றது ஆமைக்குட்டி.

முள்ளப்பன் துள்ளி எழுந்தார். “எனக்குத்தானே ஓட்டுப் போட்டே?”

“இல்ல மாமா, தவளை அக்காவுக்கு. உங்க புத்தகம் முழுக்க அதைச் செய்யாதே, இதைச் செய்யாதே! ஏழு தடவை தூங்கிட்டேன். ஆனா ஒரு பக்கத்துல, யானைகிட்ட ‘கீழே பார்த்து நட’ன்னு சொல்லிக்கிட்டே நீங்க சேற்றுக்குழியில விழுந்தீங்களே! சிரிச்சுச் சிரிச்சு நான் மல்லாந்துட்டேன். எங்கம்மா வந்துதான் திருப்பிப் போட்டாங்க!”

 மானம் போகிறதே என்று முள்ளப்பன் அந்தப் பக்கத்தைக் கிழிக்கத்தான் நினைத்திருந்தார். நானூற்றில் ஒன்று குறைந்துவிடுமே என்றுதான் விட்டுவைத்தார். தன் எழுத்தை ஒரு ஜீவன் கடைசிவரை படித்திருக்கிறது! அவருக்குக் கண் கலங்கியது. அப்புறம், அந்தச் சேற்றுக்குழி ஞாபகம் வந்து, அவருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

மாலையை மெல்லக் கழற்றி, கூட்டத்தில் இருந்த தவளைக்குப் போட்டார். “ஜெயிச்சது இவங்கதான் டீச்சர். என் புத்தகத்தை எடுத்துடுங்க” என்றார்.

“அய்யோ, அந்த ஒரு பக்கம் வேணுமே!” என்று கத்தியது ஆமைக்குட்டி.

டீச்சர் அந்தப் பக்கத்தை மட்டும் பிரித்து நூலகத்தில் வைத்தார். குட்டிகள் அதைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு படித்தன. எந்த இடத்தில் சிரிக்கின்றன என்று முள்ளப்பன் வெளியே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

ஆசை காட்டி வாங்கிய நூறு ஓட்டைவிட, முழுசாகப் படித்துவிட்டுப் ‘பிடிக்கல’ என்று சொல்கிற ஒரு வாசகரே எழுதுகிறவருக்குப் பெரிய விருது.