ஊரெல்லாம் மோந்து பார்த்த நொச்சி

வெள்ளையப்பன் என்ற முயலுக்குப் புலியிடம் பயமில்லை, நரியிடமும் பயமில்லை. கொம்பையா யானையின் தும்மலுக்குத்தான் பயம்.

சிரிக்காதீர்கள். பட்டவனுக்குத்தான் தெரியும். வெள்ளையப்பனின் வளை காட்டு மேட்டில், நாவல் மரத்தடியில் இருந்தது. வெள்ளம் எட்டாத ஒரே மேடு அதுதான். அதனால் மழைக்காலம் வந்தால் கொம்பையாவும் அங்கேதான் வந்து நிற்பார். நனைந்தால் அவருக்கு ஜலதோஷம் பிடிக்கும். பிடித்தால் தும்முவார். போன ஐப்பசியில் அவர் போட்ட ஒரு தும்மலில் வளையின் கூரை பொலபொலவென்று உதிர்ந்தது. வெள்ளையப்பனும் அவன் மனைவி பவுனும் ஒருவர் காதை ஒருவர் பிடித்து இழுத்துத்தான் மண்ணிலிருந்து வெளியே வந்தார்கள். இந்த வருஷமோ பவுனு பிள்ளைத்தாய்ச்சி.

"பச்சைக் குட்டிகளை வெச்சுக்கிட்டு என்னால மண்ணுக்குள்ள கெடக்க முடியாது. மழைக்கு முன்னாடி அவர் மூக்குக்கு ஒரு வழி பண்ணு" என்றாள் பவுனு.

வழி ஆற்றங்கரையிலேயே இருந்தது. நொச்சி இலையைக் கசக்கி மோந்தால் எப்பேர்ப்பட்ட மூக்கடைப்பும் விட்டுவிடும். ஆனால் கொம்பையாவுக்கு மூக்கடைக்கும் சமயம் பார்த்துத்தான் ஆற்றில் வெள்ளம் வந்து நொச்சிப் புதரை முழுங்கிவிடும். அதனால் முன்கூட்டியே உலர்த்தி வைத்தால்தான் உண்டு.

சும்மா சொல்லக்கூடாது, வெள்ளையப்பன் நல்ல வேலைக்காரன். பனி காய்ந்த பிறகு கொத்துக் கொத்தாக ஒடித்து வந்தான். வெயிலில் போட்டால் வாசனை ஓடிவிடும் என்று நிழலில் பரப்பினான். காலையும் மாலையும் புரட்டிப் போட்டான். தொட்டால் நொறுங்குகிற பதம் வந்ததும், காய்ந்த சுரைக்குடுக்கையில் திணித்து, வாயை அடைத்து, தேன்மெழுகு பூசினான். சிந்திக் கிடந்த மிச்சத்தைப் பவுனு கூட்டி அள்ளிக்கொண்டு போனாள். அவன் அதைக் கவனிக்கவில்லை. குடுக்கையைத் தள்ளி நின்று ரசிப்பதற்கே அவனுக்கு நேரம் சரியாக இருந்தது.

வினை மறுநாளே மயில் உருவத்தில் வந்தது.

"என்னப்பா, ஏதோ குடுக்கையாமே?" என்றது சிங்காரம் மயில்.

"நொச்சிண்ணே. நிழல்லயே உலர்த்தினது."

"உலர்த்தினா வாசனை நிக்குமா?"

அவ்வளவுதான். வெள்ளையப்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மெழுகைப் பெயர்த்து மூடியைத் திறந்து மயிலின் மூக்கருகே நீட்டினான். "அடேங்கப்பா!" என்று மயில் தோகையையே விரித்துவிட்டது. அந்த 'அடேங்கப்பா' வெள்ளையப்பன் காதில் தேனாகப் பாய்ந்தது. முயலின் காது எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். தேன் உள்ளே போய்ச் சேரவே நெடுநேரம் ஆயிற்று.

மயில் வாய் சும்மா இருக்குமா? கீரி வந்தது, திறந்தான். காட்டுக்கோழி குடும்பத்தோடு வந்தது, திறந்தான். ஆமை கிளம்பிவிட்டது என்று கேள்விப்பட்டு, மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு பொழுதெல்லாம் காத்திருந்தான். மெழுகு தீர்ந்து நாளாகியிருந்தது. வெறும் கட்டையைத்தான் செருகி வைத்தான்.

இதற்குள் பவுனு குட்டி போட்டாள். மழையும் பிடித்துக்கொண்டது.

"ஈரக்காத்து உள்ளே போகுது, மூடு" என்றாள்.

"ஒரு மோப்பத்துல என்ன கொறஞ்சிடப் போகுது பவுனு? வீடு தேடி வர்றவங்க முகத்தை முறிக்க முடியுமா?"

பவுனு குடுக்கைக்குள் கைவிட்டு ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தாள். அவனையும் ஒரு பார்வை பார்த்தாள். விறுவிறுவென்று குட்டிகளிடம் போய்விட்டாள்.

அடைமழை பிடித்த ஒரு மத்தியானம் கொம்பையா தொப்பலாக நனைந்து மேடேறி வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"வெள்ளையப்பா, உன் குடுக்கையைப் பத்தித்தான் காடே பேசுது. கொஞ்சம் கொண்டாப்பா. தும்மல் மூக்கு நுனியில நிக்குது."

வெள்ளையப்பன் மார்பை நிமிர்த்திக்கொண்டு குடுக்கையைக் கவிழ்த்தான். இலை உதிரவில்லை. அப்பமாக ஒட்டிக்கொண்டு தொப்பென்று விழுந்தது. மேலெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். மோந்து பார்த்தால் ஈரச் சாக்கு நாற்றம். அவன் கண் வளைப்பக்கம் ஓடியது. குட்டிகள் வளைக்குள் இருக்கின்றன.

"ஐயா, வேண்டாம்! அதை மோந்து பாக்காதீங்க!" என்று கத்தினான்.

பாவம், அடைத்த மூக்குக்கு நாற்றம் எங்கே தெரியும்? கொம்பையா ஆவலாக ஓர் இழுப்பு இழுத்தார். பூஞ்சணத் தூள் மொத்தமும் தும்பிக்கைக்குள் போயிற்று. பிறகு வந்தது பாருங்கள் ஒரு தும்மல்! நாவல் மரம் இலையை உதிர்த்தது. மயில் அடுத்த மரத்தில் தலைகீழாகத் தொங்கியது. வளை இருந்த இடத்தில் ஒரு பள்ளம்தான் இருந்தது.

"என் புள்ளைங்க!" என்று வெள்ளையப்பன் மண்ணை இரண்டு கையாலும் வாரினான். வாய்விட்டு அழுதான். ஊர் சொன்ன அடேங்கப்பாவில் ஒன்றுகூட அப்போது கூட வந்து மண் தோண்டவில்லை.

"அங்க ஏன் தோண்டுற?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

பவுனுதான். பாறை இடுக்கிலிருந்து தலையை நீட்டினாள். அவளைச் சுற்றிக் குட்டிகள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தன.

"இலை நமுத்துப் போனதைத் தொட்டுப் பாத்தேன். அன்னைக்கே குட்டிகளை இங்க மாத்திட்டேன். குடுக்கையை விட்டு நீ உள்ளே வந்தாத்தானே தெரியும்" என்றாள். பிறகு ஒரு சின்னக் குடுக்கையை உருட்டிக்கொண்டு கொம்பையாவிடம் போனாள். அன்று கூட்டி அள்ளிய நொச்சி அது. மெழுகு கலையவே இல்லை. உடைத்ததும் மேடு முழுக்க வாசனை எழும்பியது. கொம்பையா ஒரு பிடி கசக்கி மோந்தார். அடுத்து வரவிருந்த தும்மல் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"இப்படி ஒண்ணு இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றான் வெள்ளையப்பன், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"சொல்லியிருந்தா, ஆமைக்கு அதையும் திறந்து வெச்சிருப்ப."

அவன் அப்போதே கிளம்பினான். தேன்கூட்டைத் தேடிப் போய், நாலு கொட்டு வாங்கிக்கொண்டு புது மெழுகோடு வந்தான். மிச்ச நொச்சியை மூடி, இண்டு இடுக்கு விடாமல் பூசினான்.

மழை சற்று விட்டதும் சிங்காரம் மயில் நனைந்த தோகையோடு வந்து சேர்ந்தது.

"சின்னக் குடுக்கை அதைவிட ஒசத்தியாமே? எங்கே, திற பார்ப்போம்."

வெள்ளையப்பனின் கை மூடி வரைக்கும் போயிற்று. பாறை இடுக்கில் குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன. கையை இழுத்துக்கொண்டு, மூடிமேலேயே ஏறி உட்கார்ந்தான்.

"அண்ணே, உங்களுக்குச் சளி பிடிச்சா வாங்க" என்றான்.

காட்டிக் காட்டிப் பெருமை தேடினால், தேவைப்படும் நாளில் வெறும் குடுக்கைதான் மிஞ்சும்.